கொல்லையில் சாம்பல் நிறச் சேறு வந்தால் கழுவிவிடாதீர்கள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம், சாலைக்கும் பெரிய கால்வாய்க்கும் அடியில் ஒரு தண்ணீர்க் குழாய் போட்டுக்கொண்டிருந்தோம். இரண்டாம் நாள் காலையில் ஒரு பாட்டி வந்து நின்றார். "தம்பி, வாழைக்குப் பக்கத்துல சேறு ஊறுது. நேத்தே கழுவிவிட்டேன், திரும்பவும் வருது." எனக்கு வயிற்றைக் கலக்கியது. எங்கள் துளை அவர் கொல்லையிலிருந்து 30 அடி தள்ளியல்லவா போகிறது!

சாலையை வெட்டாமல் குழாயை அடியில் நுழைக்கும் இந்த முறையை எச்டிடி (Horizontal Directional Drilling) என்போம். இந்த முறையில் ஒரு ஆற்றை முதன்முதலில் கடந்தது 1971இல், கலிபோர்னியாவில். இயந்திரத்தைச் சாய்த்து நிறுத்தி முதலில் சின்னதாக பைலட் துளை போடுவோம். துளை முனையின் முகம் சரிவானது. சுழற்றித் தள்ளினால் நேராகப் போகும், சுழற்றாமல் தள்ளினால் ஒரு பக்கமாக வளையும். முனைக்குப் பின்னாலிருக்கும் கருவி சிக்னல் அனுப்ப, மேலே ஒருவர் அதை வாங்கும் லோக்கேட்டர் கருவியைப் பிடித்து நடந்தபடி ஆழம் சொல்வார். அப்புறம் ரீமரால் துளையைக் குழாயைவிட ஏறக்குறைய 1.5 மடங்கு அகலமாக்கி, குழாயை அதன் பின்னால் கட்டி இழுப்போம்.

இவ்வளவுக்கும் உள்ளே பெண்டோனைட் களிமண் கலந்த நீர் அழுத்தத்தோடு ஓடிக்கொண்டே இருக்கும். வெட்டிய மண்ணை வெளியே கொண்டுவருவதும், துளை இடியாமல் தாங்குவதும் அதுதான். மண் இளகிய இடம் கிடைத்தால் போதும், அந்த வழியே மேலே வந்துவிடும். பாட்டி பார்த்தது அதைத்தான். பெண்டோனைட் விஷமில்லை. ஆனால் கழுவி ஓடையில் விட்டால் மீனின் செவுளை அடைக்கும். சாலையில் பரவினால் மோட்டார் சைக்கிள் வழுக்கும். அதைவிட முக்கியம், கழுவிவிட்டதால் எங்களுக்கு ஒரு நாள் தாமதமாகத்தான் தெரிந்தது.

சரி, 30 அடி தள்ளி எப்படி வந்தது? அங்கே ஒரு காலத்தில் தோட்ட லயங்கள், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகள், இருந்தன. வீடுகளை இடித்தார்கள், அடியில் கிடந்த ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் குழாயை அப்படியே விட்டுவிட்டார்கள். குழாயைச் சுற்றி நிரப்பிய மண் இளகலாகவே இருக்க, சேறு அதைப் பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறது. எங்கள் வரைபடத்தில் அந்தக் குழாய் இல்லை. உலோகமில்லாததால் குழாய் தேடும் மின்காந்தக் கருவிக்கும் அகப்படவில்லை. ஈரக் களிமண்ணில் தரை ரேடாரும் அதிக ஆழம் பார்க்காது.

மலேசியாவில் நிலத்தடியில் போகும் குழாய், கேபிள்களை வரைபடமாக்க 2006இலேயே வழிகாட்டி வந்துவிட்டது. அதில் நான்கு தரங்கள். பழைய காகிதத்தைப் பார்த்து வரைந்தது டி, குழி வெட்டிக் கண்ணால் பார்த்தது ஏ. டி தரக் காகிதத்தை வைத்துக்கொண்டு ஏ தர நம்பிக்கையோடு துளை போடுகிறவர்கள் நம் தொழிலில் நிறைய. நானும் அன்று அப்படித்தான்.

தப்பியது சேற்றோடு. மின் கேபிளில் பட்டிருந்தால் இயந்திரம் முழுக்க மின்சாரம் ஏறியிருக்கும். அதனால் வேடிக்கை பார்ப்பவர்கள் தயவுசெய்து தள்ளியே நில்லுங்கள்.

அந்தப் பழைய குழாய் எங்கே போகிறது என்று கடைசியில் காட்டியவர், தோட்டத்துப் பம்ப் ஹவுஸில் வேலை பார்த்த ஒரு தாத்தா. கையிலிருந்த குடையாலேயே தரையில் கோடு இழுத்துக் காட்டினார். மூன்று நாள் முன்பு ஏதோ சொல்ல வந்தவரை, தடுப்புக்கு வெளியே போகச் சொன்னதும் எங்கள் ஆள்தான்.

இப்போது வேலை தொடங்குமுன் ஒரு காலைப் பொழுது ஒட்டுக்கடையில் வரைபடத்தை விரித்து உட்கார்ந்துவிடுகிறேன். பெரியவர்கள் காட்டும் இடத்தில் குழி வெட்டிப் பார்த்த பிறகுதான் இயந்திரம் இறங்கும். தேநீர்ச் செலவை மட்டும் எந்தக் கணக்கில் எழுதுவது என்று ஆபீசில் இன்னும் கேட்கிறார்கள்.