ஹோரி இரட்டை வேடக்காரியா?

'ஹோரிமியா' அனிமே (ஜப்பானிய கார்ட்டூன் தொடர்) பார்த்துவிட்டு ஒரு வாசகர் கேட்கிறார்: "பள்ளியில் ஒரு மாதிரி, வீட்டில் ஒரு மாதிரி இருக்கிறாளே ஹோரி, இது இரட்டை வேடம்தானே?"

2021இல் வந்த தொடர். நாயகி ஹோரி பள்ளியில் மேக்கப்பும் சிரிப்புமாக வலம் வருவாள். வீட்டுக்கு வந்ததும் மேக்கப்பைக் கலைத்து, முடியை அள்ளிக் கட்டிக்கொண்டு சமையல், துணி, தம்பி என்று மல்லுக்கட்டுவாள். அவளுடன் படிக்கும் மியாமுரா வகுப்பில் கண்ணாடி போட்ட ஊமைக்கோட்டான். வெளியே காதிலும் உதட்டிலும் வளையங்கள், உடம்பில் டாட்டூ.

இரட்டை வேடம் இல்லை என்பதே என் பதில். காரணம் ஒரு கோடைக்கால முகாமில் கிடைத்தது.

'கோபக்காரன்', 'சாது' என்று ஒருவருக்கு முத்திரை குத்தினால், அடுத்த சூழலில் அவர் எப்படி நடப்பார் என்று கணிக்க அது பெரிதாக உதவாது என 1968இலேயே உளவியலாளர் வால்ட்டர் மிஷெல் எழுதிவிட்டார். ஒரு சூழலின் நடத்தைக்கும் இன்னொரு சூழலின் நடத்தைக்கும் உள்ள ஒட்டுறவுக் கெழு (0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுப் பொருத்தம்) 0.3ஐத் தாண்டுவதே அரிது. அப்படியானால் குணம் என்று ஒன்றே கிடையாதா?

யூயிச்சி ஷோடா, மிஷெல், ஜாக் ரைட் மூவரும் 1994இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு அழகாக விடை சொன்னது. அமெரிக்காவில் 6 வார முகாம்; ஒவ்வொரு பிள்ளையையும் 150 மணி நேரத்துக்கு மேல் கவனித்தார்கள். பிள்ளை கத்தினானா என்பதோடு நிற்காமல், எப்போது கத்தினான் என்றும் குறித்தார்கள். சூழல்கள் 5: சக பிள்ளை சீண்டுவது, சக பிள்ளை நட்பாக வருவது, பெரியவர் பாராட்டுவது, எச்சரிப்பது, தண்டிப்பது.

கணக்கில் ஒரு நுட்பம் உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். சீண்டினால் எல்லாப் பிள்ளைகளுக்குமே கோபம் வரும். ஆகவே ஒவ்வொரு சூழலுக்கும் எல்லோருடைய சராசரியைக் கழித்துவிட வேண்டும். மிச்சம் நிற்பதுதான் அந்தப் பிள்ளைக்கே உரியது. மொத்தக் கோபம் இருவருக்கும் ஒரே அளவாக இருக்கலாம். ஒருவன் பெரியவர் எச்சரித்தால் வெடிப்பான், சக பிள்ளை சீண்டினால் சிரித்துக்கொண்டே போவான். மற்றவன் நேர் எதிர். பதிவுகளை இரண்டு தொகுதிகளாகப் பிரித்து ஒப்பிட்டபோது, பல பிள்ளைகளிடம் இந்த ஏற்ற இறக்கம் இரண்டிலும் ஒத்துப்போனது. 'இப்படி நடந்தால் இப்படிச் செய்வான்' என்ற அந்த வரைகோடே குணம். மாறுவதிலும் ஓர் ஒழுங்கு இருக்கிறது.

அனிமேவுக்கு வருவோம். ஜப்பானில் ஆசிரியரிடமும் சீனியரிடமும் 'தெசு, மாசு' என்ற மரியாதை விகுதி போட்டுப் பேசுவதும், நண்பனிடம் அதை விட்டுவிடுவதும் பொது வழக்கம். அலுவலகத்தில் 'நான்' என்பதற்குப் பணிவாக 'வதாஷி' என்னும் ஆண், நண்பர்களிடம் அதையே 'ஒரே' என்பார். இதெல்லாம் சராசரி, முதலில் கழித்துவிடுங்கள். பிறகு ஒரு பாத்திரத்துக்குச் சூழல்வாரியாகக் கட்டம் போடுங்கள்: தனிமை, குடும்பம், நண்பர், அந்நியர். ஒவ்வொன்றுக்கும் குறைந்தது மூன்று காட்சிகள் வேண்டும். சிரிப்புக்காகத் தலையைப் பெரிதாக்கி வரையும் காட்சிகளைச் சேர்த்தால் கணக்கு கெடும். முதல் சில எபிசோடுகளையும் கடைசி எபிசோடுகளையும் கலக்கவும் கூடாது. இடையில் பாத்திரமே வளர்ந்திருக்கும். ஹோரியின் கட்டத்தில் அதே சூழலுக்கு அதே நடத்தை திரும்பத் திரும்ப வரும்.

'தொராதொரா' என்ற இன்னொரு அனிமேவில் வரும் ஆமியின் கதை வேறு. குடும்ப உணவகத்தில் பையன்கள் இருக்கும்வரை தேனாகப் பேசுகிறாள்; அவர்கள் எழுந்து போனதும் எதிரே இருக்கும் நாயகி தைகாவை மட்டம் தட்டுகிறாள். எதிரே இருப்பது அதே ஆள், அதே மேசை. மாறியது சாட்சி மட்டுமே. இரட்டை வேடத்துக்கு நான் வைக்கும் சோதனை இதுதான். பின்பாதியில் மனதில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்பவளாக அவளே மாறுகிறாள் என்பது வேறு விஷயம்.

பிறகு ஏன் ஹோரிமீது சந்தேகம் வருகிறது? கேமரா எல்லா அறைக்குள்ளும் நுழைவதால். நமக்குத் தெரிந்தவர்களை நாம் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் பார்க்கிறோம். அதனால் அவர்கள் மாறாதவர்கள் என்று நம்புகிறோம். கணக்கு டீச்சர் வீட்டில் எப்படி என்று யாருக்குத் தெரியும்?

குணத்தைக் கண்டுபிடிக்க அனிமே ரசிகர்களுக்கு ஒரு குறுக்குவழி உண்டு: பாத்திரக் குறிப்பில் அச்சாகும் ரத்த வகை. 'ஏ' என்றால் ஒழுங்கு, 'பி' என்றால் சுயநலம். நம்மூர் ராசிபலனுக்கு அங்கே கிடைத்த தம்பி. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஜப்பானியர், அமெரிக்கர் தரவுகளை அலசிய 2014 ஆய்வில் ரத்த வகைக்கும் குணத்துக்கும் சொல்லும்படியான தொடர்பு எதுவும் இல்லை.

சிக்கலான கேஸ், 'ஹிமோதோ! உமாரு-சான்' அனிமேவின் நாயகி உமாரு. வெளியே குறையே சொல்ல முடியாத மாணவி. வீட்டில் ஹாம்ஸ்டர் முக்காடு, கோலா, சிப்ஸ், வீடியோ கேம். வரைகோடு அசையவே இல்லை, அண்ணனுக்கும் எல்லாம் தெரியும். ஆனால் வீட்டுக் கோலத்தில் பார்த்த தோழி கிரியே, அது உமாருவின் தங்கை என்று நம்பிவிடுகிறாள்; உமாருவும் 'கோமாரு' என்ற பெயரில் அந்தப் பொய்யை ஓட்டுகிறாள். அங்கே மட்டும் நான் மார்க் குறைப்பேன்.