பங்குனி வெயிலில் ஊர் திரும்பும் பறவைகள்

மலேசியாவில் வசந்தம் என்று ஒன்று கிடையாது. மழை, வெயில், பழக்காலம், புத்தாண்டு பிறந்ததும் கித்தா மரம் இலை கொட்டுகிற காலம், அவ்வளவுதான். ஆனாலும் மாசி மகத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் நடுவில், அதற்குக் கொஞ்சம் முன்னும் பின்னும், சிலியாவ் மாதிரியான ஒரு தோட்டப்புறச் சிற்றூரின் தலைக்கு மேலே ஜப்பானுக்கும் சைபீரியாவுக்கும் போகிற பறவைகள் கடந்துகொண்டே இருக்கின்றன. அபூர்வப் பறவை பார்க்க வேண்டுமென்றால் தாமான் நெகாராவுக்குத்தான் போக வேண்டும் என்கிற நினைப்பு நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. மார்ச், ஏப்ரலில் அது தேவையில்லை. வீட்டு வாசலும் கோயில் மரமும் தாமான் கால்வாயுமே போதும். ஏன் போதும் என்று புரிந்துகொள்ள, பறவையின் பக்கத்திலிருந்து கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

முதல் கேள்வி: புறப்படும் நேரம் வந்துவிட்டது என்று அதற்கு யார் சொன்னது?

ஐரோப்பாவிலோ ஜப்பானிலோ இருக்கும் பறவைக்குப் பகல் நீள்வதே போதுமான அறிவிப்பு. அங்கே குளிர்காலப் பகலுக்கும் கோடைப் பகலுக்கும் பல மணி நேரம் வித்தியாசம். நம் ஊரிலோ ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வித்தியாசம் ஏறத்தாழ 20 நிமிடம்தான். பிரட்டுக்கு நின்ற காலத்தில் நம் தாத்தாக்களும் பாட்டிகளும் வருடம் முழுக்க ஒரே இருட்டில்தான் எழுந்தார்கள். அக்டோபரில் இங்கே வந்து சேர்ந்து ஐந்தாறு மாதம் தங்கிவிட்ட குருவிக்கு, வடக்கே பனி உருகத் தொடங்கியதை அறிய வழியே இல்லை.

ஜெர்மானிய விஞ்ஞானி எபர்ஹார்ட் குவின்னர் 1960களில் இதைச் சோதித்தார். வில்லோ வார்ப்ளர் என்ற சின்னஞ்சிறு பூச்சியுண்ணிக் குருவிகளை ஓர் அறையில் வைத்து, 12 மணி நேரம் வெளிச்சம், 12 மணி நேரம் இருட்டு என்று மாற்றமே இல்லாமல் கொடுத்தார். கிட்டத்தட்ட நம் ஊர் நிலைதான். அப்படியிருந்தும் குருவிகள் காலம் வந்ததும் இறகு உதிர்த்தன, இரவில் கூண்டுக்குள் சிறகடித்துத் தவித்தன. பிறகு வேறொரு சிறு பறவை இனத்தை இப்படி ஆண்டுக்கணக்கில் வைத்துப் பார்த்ததில், பத்து ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தச் சுழற்சி நிற்கவில்லை. உடம்புக்குள்ளேயே ஓர் ஆண்டுக் கடிகாரம் ஓடுகிறது. ஆனால் அது அவ்வளவு துல்லியமானதல்ல. வெளியிலிருந்து யாரும் திருத்தாவிட்டால் 365 நாளுக்குப் பதில் பத்து மாதத்துக்கு ஒரு சுற்று என்றுகூட ஓடிவிடும்.

அப்படியானால் திருத்துவது எது? வெப்ப மண்டலத்தின் சின்னஞ்சிறு பகல் வித்தியாசமே சில பறவைகளுக்குப் போதும் என்று பனாமாவில் நடந்த ஓர் ஆய்வு 1998இல் காட்டியது. அங்கே காட்டில் வாழும் ஒரு பறவை வெறும் 17 நிமிடப் பகல் நீட்சியை உணர்ந்து இனப்பெருக்கத்துக்குத் தயாரானது. நமக்கு மணி பார்த்தால்கூடப் பிடிபடாத மாற்றம் அது.

நேரம் தெரிந்தாயிற்று. திசை?

இரவில் பறக்கும் குருவிகள் விண்மீன்களைப் பார்த்துத் திசை பிடிக்கின்றன என்பதை ஸ்டீபன் எம்லன் 1967இல் கோளரங்கத்துக்குள் பறவைகளை வைத்துக் காட்டினார். வானம் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சுழல்கிறது என்பதை அவை குஞ்சுப் பருவத்திலேயே மனத்தில் பதித்துக்கொள்கின்றன. ஆனால் நம் ஊரில் துருவ விண்மீன் அடிவானத்துக்கு மேலே ஏறத்தாழ மூன்று பாகைதான் ஏறும். செம்பனை மரம் ஒன்று நின்றாலே மறைந்துவிடும். இங்கே வேறொரு கருவியும் வேண்டியிருக்கிறது: பூமியின் காந்தப்புலம்.

பறவையின் காந்த உணர்வு நம் திசைகாட்டி மாதிரி வேலை செய்வதில்லை. வடக்கு எது, தெற்கு எது என்று அதற்குத் தெரியாது. காந்தக் கோடுகள் தரையை நோக்கி எந்தப் பக்கம் சாய்கின்றன என்பதைத்தான் அது உணர்கிறது. சாயும் பக்கம் துருவம், எதிர்ப்பக்கம் நிலநடுக்கோடு. ஜெர்மனியில் வோல்ஃப்காங் வில்ட்ஷ்கோவும் ரோஸ்விதா வில்ட்ஷ்கோவும் ராபின் குருவிகளை வைத்து இதை நிறுவினார்கள். இந்த உணர்வு கண்ணில்தான் இருக்கிறது என்பது இன்று பலரும் ஏற்கும் கருத்து. விழித்திரையில் உள்ள கிரிப்டோகுரோம் 4 என்ற புரதம், நீல ஒளி பட்டதும் காந்தப்புலத்துக்கு மசிகிறது. 2021இல் வெளியான ஆய்வில், வலசை போகும் ராபினின் புரதம், வலசை போகாத கோழியின் புரதத்தைவிடக் கூடுதலாகக் காந்தத்துக்கு இசைந்தது. எல்லாம் சோதனைக் குழாய்க்குள் பார்த்ததுதான். உயிருள்ள கண்ணில் அது எப்படித் தெரிகிறது, வானத்தின் மேல் ஒரு நிழலாகவா, வேறு எப்படியாவதா என்பதெல்லாம் இன்னும் அனுமானம்.

இதில் நம் நாட்டுக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. காந்த நிலநடுக்கோடு, வரைபடத்து நிலநடுக்கோட்டின் மேலேயே போவதில்லை. இந்தப் பகுதியில் அது மலேசியாவுக்கும் வடக்கே, தென் தாய்லாந்தை ஒட்டிப் போகிறது. ஆகவே நாமெல்லாம் காந்தக் கணக்கில் தென்பாதிக்காரர்கள். இங்கே கோடுகள் தெற்கு நோக்கிச் சாய்கின்றன. வடக்கே போக வேண்டிய பறவை, சாய்வுக்கு எதிர்ப்பக்கமாகப் புறப்பட வேண்டும். தென் தாய்லாந்தில் அந்தக் கோட்டைத் தாண்டியதும் அதே வடக்கு, சாயும் பக்கமாக மாறிவிடும். வழியில் விதியையே தலைகீழாக்கிக்கொள்ள வேண்டும்! அது முடிகிற காரியம்தான் என்று ஐரோப்பியத் தோட்டக் குருவிகளை வைத்து 1992இல் வில்ட்ஷ்கோ தம்பதியர் காட்டினார்கள். காந்த நிலநடுக்கோட்டில் இருப்பதைப்போலச் சாய்வே இல்லாத கிடைமட்டக் காந்தப்புலத்தில் சில நாள் வைத்தெடுத்த பிறகு, அவை தம் விதியைத் திருப்பிப் போட்டுக்கொண்டன. நடுக்கோட்டைக் கடக்கும் அனுபவமே திருப்புவதற்கான சமிக்ஞை.

இப்போது பகல் நேரத்துக்கு வருவோம். பருந்தினங்களின் கதை முற்றிலும் வேறு.

சிலியாவிலிருந்து போர்ட்டிக்சனுக்குப் போய், கரையோரமாகத் தெற்கே இறங்கினால் தஞ்சோங் துவான். நெகிரி செம்பிலான் சூழ இருந்தாலும் நிர்வாகத்தில் மலாக்காவைச் சேர்ந்த முனை அது. எதிரே சுமத்திராவின் ரூப்பாட் தீவு. நடுவில் மலாக்கா நீரிணை, ஏறத்தாழ 38 கிலோமீட்டர். சுமத்திராவிலும் ஜாவாவிலும் குளிர்காலத்தைக் கழித்த தேன்பருந்துகள் மார்ச்சில் ஆயிரக்கணக்கில் இந்தக் குறுகிய இடத்தைக் கடந்து இந்த முனையில்தான் கரையேறுகின்றன. மலேசிய இயற்கைக் கழகம் 2000ஆம் ஆண்டு தொடங்கி அங்கே பருந்து பார்க்கும் விழாவும் நடத்தி வருகிறது.

பருந்து ஏன் குறுகிய இடம் பார்த்துக் கடக்கிறது? உடம்பு கனம். நெடுந்தூரம் சிறகடித்துப் பறந்தால் எரிபொருள் கட்டாது. ஆகவே வெயிலில் தரை சூடாகி எழும் காற்றுத் தூணுக்குள் நுழைந்து, சிறகசைக்காமல் வட்டமடித்து மேலே ஏறும். உச்சி போனதும் அடுத்த தூணை நோக்கிச் சரியும். கடலில் அப்படிப் பலமான தூண்கள் எழுவதில்லை. ரூப்பாட்டின் மேல் ஒரு கிலோமீட்டர் உயரம் ஏறியது என்றும், ஒரு மீட்டர் இறங்கப் பத்து மீட்டர் முன்னேறுகிறது என்றும் வைத்துக்கொண்டால்கூட, சும்மா சரிந்தே வரக்கூடிய தூரம் 10 கிலோமீட்டர்தான். மீதியைச் சிறகடித்தே ஒப்பேற்ற வேண்டும். அதனால்தான் தஞ்சோங் துவானில் அவை களைத்து, மர உயரத்துக்கு இறங்கி வருகின்றன. கண்ணை நேருக்கு நேர் பார்க்கலாம். குளவிக் கூட்டைக் கலைத்துப் புழு தின்கிற பறவை என்பதால், கொட்டு வாங்காமலிருக்க முகம் முழுக்கச் செதில் செதிலாகக் கெட்டி இறகு. அங்கிருந்து பார்த்தால் அதுகூடத் தெரியும்.

கரையேறியபின் எங்கே போகும்? உள்நாட்டுப் பக்கம்தான், நம் தலைக்கு மேலேதான். இதில் தோட்டப்புற ஊருக்கு ஒரு சாதகம் இருக்கிறது. செம்பனை ஓலை பகலெல்லாம் நீரை ஆவியாக விட்டுத் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும். அதன் மேலே காற்று அவ்வளவாகச் சூடேறாது. ஊரின் தகரக் கூரையும் தார்ச் சடக்கும் பள்ளித் திடலும் காய்ந்து கொதிக்கும். பச்சைக் கடலுக்கு நடுவே காற்றுத் தூண் எழக்கூடிய இடம் ஊர்தான். ஆகவே காலை பத்து மணிக்கு மேல் தோட்டத்துக்குள் அலைவதைவிட, கடைவரிசை முன்னால் நிழலில் நின்று மேலே பார்ப்பதே புத்திசாலித்தனம். "என்னாண்ணே, வானத்துலேருந்து காசு விழுதா?" என்று ஒட்டுக்கடை அக்கா கேட்கத்தான் செய்வார். ஒரு முறை பைனாகுலரைக் கையில் கொடுத்துவிட்டால் அப்புறம் கேட்க மாட்டார். (சூரியன் பக்கம் மட்டும் பைனாகுலரைத் திருப்பவே கூடாது. கண் போய்விடும்.)

முதலில் கண்ணை ஊரில் இருக்கும் செம்பருந்துக்குப் பழக்க வேண்டும். நம்மூர்க் கருடனைத் தினமும் பார்த்தவருக்கு, சிறுத்த தலை, நீண்ட கழுத்து, பட்டை போட்ட நீள வால் என்று தேன்பருந்து வித்தியாசமாகத் தெரியும். கூட்டமாக, சிறகடித்து, காக்கை சாயலில் கறுப்பு வெள்ளையாகப் போனால் அது கருங்கொண்டை வல்லூறு. தலையில் கொண்டை நிமிர்ந்திருக்கும். கைக்கடக்கமான சீன வல்லூறும் கூடவே வரும்.

சிறு குருவிகள் பெரும்பாலும் இரவில்தான் பறக்கின்றன. காற்று அடங்கியிருக்கும், உடம்பு சூடேறாது, பிடித்துத் தின்னும் பருந்தும் தூங்கும். விடியும்போது எங்கே இருக்கிறதோ அங்கே இறங்கும். மழை பிடித்தால் நினைத்த இடம்வரை போக முடியாமல் நடுவழியிலேயே இறங்கும். ஏப்ரல் வந்தால் மேற்குக் கரையில் விடியற்காலைகளில் நீரிணையிலிருந்து இடியும் காற்றுமாகச் சுமத்திராப் புயல்வரிசை அடிக்கும் நாள்கள் வரும். அந்த மழை விட்ட காலைதான் வீட்டிலிருந்தே அபூர்வப் பறவை பார்க்க ஏற்ற காலை.

இறங்கிய பறவைக்கு மைல்கணக்கில் செம்பனை ஒரே மாதிரி. புழு பூச்சி, பழம், அடர்ந்த மறைவு எதுவும் அதில் போதாது. மிஞ்சியிருப்பது கோயில் அரசமரம், பழைய துரை பங்களாவின் மரங்கள், சீனர் மயானத்துப் புதர், யாரோ விட்டுவைத்த டுரியான் டுசுன். நெடுஞ்சாலையில் வரும் அத்தனை பஸ்ஸும் ஒரே ஆர் அண்ட் ஆரில் போய் நிற்பதைப்போல, சுற்றுவட்டாரத்தில் இறங்கியதெல்லாம் இந்த நாலு மரத்தில் வந்து சேரும். பெருங்காட்டில் அதே பறவைகள் ஆயிரம் ஏக்கருக்குப் பரவிவிடும், கண்ணில் படாது. ஒரே மரத்தடிக்குத் தினம் போகிறவர் மைனாவையும் கொண்டைக்குருவியையும் குரலிலேயே கழித்துவிடுவார். மிச்சம் நிற்பது விருந்தாளி.

நீலச்சிறகுப் பிட்டாவைப் பலர் முதன்முதலாகப் பார்ப்பது மரத்தில்கூட அல்ல, கண்ணாடிச் சுவரின் அடியில். தமிழ்நாட்டு ஆறுமணிக் குருவியின் நெருங்கிய உறவு இது. கறுப்பு முகமூடி, வெள்ளைத் தொண்டை, பச்சை முதுகு, தோளில் பளிச்சென்ற நீலம், வால் அடியில் குங்குமச் சிவப்பு. இரவுப் பயணத்தில் விளக்கொளி இழுத்து, கண்ணாடியில் மோதி, காலையில் வராந்தாவில் சுருண்டு கிடக்கும். மூடுபனி இரவில் விளக்கு பறவைகளை இழுக்கும் என்பது நம் நாட்டில் பழைய செய்தி. 1960களில் எலியட் மெக்லூர் தலைமையிலான ஆய்வுக் குழுவினர் பிரேசர் மலையில் விளக்கடியில் வலை கட்டித்தான் வலசைப் பறவைகளைப் பிடித்து வளையமிட்டார்கள். மோதி விழுந்த பறவைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டாம், சோறும் வேண்டாம். காற்றுத் துளை போட்ட அட்டைப்பெட்டியில் இருட்டாக ஒன்றிரண்டு மணி நேரம் வைத்து, தெளிந்ததும் மரத்தடியில் திறந்துவிடுங்கள். அதைவிட மேல், தேவையில்லாத வெளி விளக்குகளை மார்ச், ஏப்ரல் இரவுகளில் அணைத்துவிடுவது.

அடுத்தது எனக்குப் பிடித்த விஷயம், தாமானுக்குப் பின்னால் ஓடும் பெரிய லோங்காங்கில் நிற்கிற மடையான்.

அக்டோபரிலிருந்து அங்கே நிற்கும் அந்தப் பழுப்புக் கோடு போட்ட கொக்கை யாரும் சட்டை செய்வதில்லை. குளிர்காலத்தில் சீன மடையான், ஜாவா மடையான், இந்திய மடையான் மூன்றும் ஒரே வேடத்தில் இருக்கும். அனுபவசாலிகளும் பொதுவாக 'மடையான்' என்று மட்டும் எழுதிவைத்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். மார்ச் வந்ததும் உள்கடிகாரம் இனப்பெருக்கச் சுரப்பிகளை எழுப்ப, பழைய இறகு உதிர்ந்து கல்யாண உடுப்பு முளைக்கத் தொடங்கும். ஒரே வாரத்தில் அல்ல, திட்டுத் திட்டாக. சீன மடையானுக்குத் தலையும் கழுத்தும் கருஞ்சிவப்பு, முதுகு கறுப்பு. ஜாவா மடையானுக்குத் தலை மங்கிய பொன்னிறம், மார்பு இலவங்கப்பட்டை நிறம், முதுகு கறுப்பு. தலை பொன்னிறமாக இருந்து முதுகு கருஞ்சிவப்பாகத் திரும்பினால், அது இந்திய மடையான். தமிழ்நாட்டு வயலில் யாரும் ஏறெடுத்துப் பார்க்காத அந்தக் கொக்குதான் தீபகற்ப மலேசியாவில் அபூர்வம்.

ஆக, ஆறு மாதமாக நம் லோங்காங்கில் நின்றது யார் என்பதே இந்தச் சில வாரங்களில்தான் தெரியவருகிறது. கைப்பேசியில் முதுகு தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து, தேதியோடு ஈபேர்ட் என்ற பறவைப் பதிவுத் தளத்தில் ஏற்றிவிடலாம். நிறம் முழுதாக ஏறியதும் அது கிளம்பிவிடும். ஏப்ரல் கடைசிக்குள் பெரும்பாலும் இடம் காலியாகிவிடும் என்பதால், சந்தேகப்பட்ட கொக்கை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவைக்க வேண்டாம்.