விலைக்குப் பக்கத்தில் ஓர் எண்

மூன்று வாரமாக அதற்குத் தயாரானாள். கல்லூரி மாணவி, எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் சாப்பாட்டையே ஒதுக்கவைக்கும் அனோரெக்ஸியா என்ற உணவுக் கோளாறிலிருந்து மெல்ல மீண்டுகொண்டிருந்தாள். தம்பி பிறந்தநாளுக்கு மாலுக்குப் போய், எல்லோரோடும் உட்கார்ந்து இரண்டு துண்டு பீட்சா சாப்பிட வேண்டும். அதுதான் நாங்கள் பேசிவைத்த அடுத்த படி. கவுன்ட்டர் வரை சரியாகத்தான் போயிருக்கிறது. மேலே பலகையில், விலைக்குப் பக்கத்தில் கலோரி. தண்ணீர் பாட்டிலை மட்டும் வாங்கிக்கொண்டு, "வயிறு சரியில்லைம்மா" என்று உட்கார்ந்துவிட்டாள்.

உணவியல் ஆலோசகரான எனக்கும் எண்களை வைத்துத்தான் பிழைப்பு. 10 அல்லது அதற்கு மேல் கிளைகள் உள்ள உணவகங்கள் கலோரியைக் காட்ட வேண்டும் என்ற, இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் (எஃப்எஸ்எஸ்ஏஐ) விதி 2022-ல் நடைமுறைக்கு வந்தது. சர்க்கரை நோய் பெருகும் நாட்டில் அதன் காரணம் புரிகிறது. பலன்தான் சிறியது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 25 ஆய்வுகளை அலசி 2025-ல் வெளியிட்ட அறிக்கை, மக்கள் தேர்ந்தெடுக்கும் கலோரியில் 1.8 சதவீதக் குறைவு என்கிறது. 600 கலோரி சாப்பாட்டில் 11 கலோரி.

உணவுக் கோளாறு உள்ளவர்களிடம் கதையே வேறு. அமெரிக்கப் பெண்களிடம் மெனுவைக் கொடுத்துத் தேர்ந்தெடுக்கச் சொன்ன 2017 ஆய்வில், கலோரி எண்ணைப் பார்த்த அனோரெக்ஸியா, புலிமியா (அளவின்றிச் சாப்பிட்டுவிட்டு, வாந்தி போன்ற வழிகளில் அதை ஈடுகட்டப் பார்க்கும் கோளாறு) உள்ளவர்கள் குறைவாகத் தேர்ந்தெடுத்தார்கள்; பிஞ்ச் ஈட்டிங் (கட்டுப்பாடில்லாமல் அளவுக்கு மீறிச் சாப்பிடும் கோளாறு) உள்ளவர்கள் அதிகமாக. பின்னது விசித்திரமாகத் தோன்றலாம். என்னிடம் வரும் ஓர் ஐடி ஊழியர் விளக்கினார்: "முதல் பர்கர் நம்பரைப் பார்த்ததுமே இன்னைக்குக் கணக்கு காலி மேடம். போனது போச்சுன்னு இன்னும் ரெண்டு."

மெனுவில் இன்னொரு வரியும் இருக்கும்: சராசரி ஆளுக்கு நாளுக்கு 2,000 கிலோகலோரி, தேவை மாறலாம். எடையை மீட்க வேண்டியவருக்குப் பெரும்பாலும் அதைவிடக் கூடுதலாகத் தேவைப்படும். அவர்களோ அதைத் தாண்டக் கூடாத கோடாக எடுத்துக்கொள்கிறார்கள்.

இங்கிலாந்திலும் 2022 ஏப்ரலில் இப்படி ஒரு விதி வந்தது. ஆனால் கேட்பவருக்குக் கலோரி இல்லாத மெனு கொடுக்க அதில் இடம் உண்டு. இங்கே கேட்டுப் பாருங்கள், சர்வர் முழிப்பார்.

நான் அதிகம் பேசுவது வீட்டாரிடம்தான். அன்று அவளுடைய அப்பா நல்லெண்ணத்தோடு, "நம்ம நெய் தோசையைவிட இதுல கம்மிதான்டா" என்றிருக்கிறார். மறுநாளிலிருந்து தோசையும் நின்றுபோனது. ஆறுதலுக்காகக்கூட எண்ணை வாயால் சொல்லாதீர்கள். (இந்தக் கட்டுரையில் எந்தப் பண்டத்துக்கும் நான் கலோரி எழுதவில்லை, கவனித்தீர்களா?) சாப்பிட்டதும் பாத்ரூமுக்கு ஓடுவது, மாதவிடாய் நின்றுபோவது, தட்டுக்கு முன்னால் போனில் கணக்குப் போடுவது, இவற்றில் எது தெரிந்தாலும், "டயட்ல இருக்கா" என்று விட்டுவிடாமல் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

அடுத்த முறை, என்ன வேண்டும் என்று வீட்டிலேயே முடிவு செய்துகொண்டாள். பலகைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். அப்பா போய் வாங்கி வந்தார். ஒன்றரைத் துண்டு உள்ளே போனது. மிச்சத்தைத் தம்பி கேட்காமலே எடுத்துக்கொண்டானாம்.