ப்ரொரோகேஷன்: ஒத்திவைப்பா, முடக்கமா, முடித்துவைப்பா?

2025 ஜனவரி 6 அன்று ஒட்டாவாவில் அப்போதைய கனடியப் பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோ இரண்டு செய்திகளைச் சொன்னார். லிபரல் கட்சி புதிய தலைவரைத் தேர்ந்தெடுத்ததும் பதவி விலகுகிறேன் என்பது முதல் செய்தி. அது எல்லோருக்கும் உடனே புரிந்தது. மார்ச் 24 வரை நாடாளுமன்றத்தை 'ப்ரொரோக்' செய்ய மன்னரின் பிரதிநிதியான ஆளுநர் நாயகம் மேரி சைமன் இசைந்துவிட்டார் என்பது இரண்டாவது. அதைத் தமிழில் சொல்லும்போதுதான் ஆளுக்கொரு சொல் வந்தது: ஒத்திவைப்பு, இடைநிறுத்தம், முடக்கம். முதல் சொல்லைப் படித்தவர் எம்.பி.க்களுக்கு நீண்ட விடுமுறை என்று நினைத்திருப்பார். கடைசிச் சொல்லைப் படித்தவர் கனடாவில் ஏதோ அதிரடி ஆட்சிக் கவிழ்ப்பு நடந்துவிட்டது என்று நினைத்திருப்பார்.

முதலில் பொருளைப் பார்ப்போம். கனடாவில் ஒரு பொதுத்தேர்தலுக்கும் அடுத்த பொதுத்தேர்தலுக்கும் இடையில் இருப்பது ஒரு நாடாளுமன்றம். 2021 தேர்தலில் அமைந்தது 44ஆவது. அதற்குள் கூட்டத்தொடர்கள் வரும். ஒவ்வொன்றும் அரசின் திட்டங்களைச் சொல்லும் அரியணை உரையோடு தொடங்கும். கூட்டத்தொடருக்குள் நாள்தோறும் நடப்பவை அமர்வுகள். அமர்வை நிறுத்துவது ஒத்திவைப்பு. அதை அவையே தன் விதிப்படி செய்துகொள்ளும், திரும்பி வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். நாடாளுமன்றத்தையே முடிப்பது கலைப்பு, அதற்கடுத்து தேர்தல். இவை இரண்டுக்கும் நடுவில், கூட்டத்தொடரை மட்டும் முடிப்பதுதான் ப்ரொரோகேஷன்.

இதற்கு அவையில் வாக்கெடுப்பு கிடையாது. பிரதமர் ஆளுநர் நாயகத்திடம் கேட்பார், மரபுப்படி அவர் சரி என்பார், அவ்வளவுதான். எம்.பி.க்கள் எம்.பி.க்களாகவே இருப்பார்கள், அமைச்சரவையும் ஆட்சியில் இருக்கும். ஆனால் நிலுவையில் உள்ள அரசு மசோதாக்கள் செத்துவிடும். நாடாளுமன்றக் குழுக்களின் விசாரணைகள் நின்றுபோகும். ஆவணங்களைக் கேட்டு மக்களவை பிறப்பித்த உத்தரவுகள் மட்டும் அதன் விதிப்படி அடுத்த கூட்டத்தொடரிலும் உயிரோடிருக்கும். புதிய கூட்டத்தொடரில் பழைய மசோதாவை உயிர்ப்பிக்க அவையின் ஒப்புதல் வேண்டும், இல்லையேல் முதலிலிருந்து கொண்டுவர வேண்டும். மக்களவையில் தனிநபர் மசோதாக்களுக்கு மட்டும் விலக்கு உண்டு.

சொல்லின் வேர் லத்தீன். 'ரோகாரே' என்றால் கேட்பது. ரோமில் மக்கள் சபையின் முன் ஒரு தீர்மானத்தை வைப்பதையும் அந்தச் சொல்லாலேயே சொன்னார்கள், சபையைக் 'கேட்பது' என்று. அதோடு 'ப்ரோ' சேர்ந்தால், கேட்டு நீட்டிப்பது. கி.மு. 326 வாக்கில் பப்ளிலியஸ் ஃபிலோ என்ற கான்சல் (ஓராண்டுப் பதவியிலிருந்த தலைமை ஆட்சியாளர்) நேப்பிள்ஸ் பகுதியை முற்றுகையிட்டிருந்தார். பதவிக்காலம் முடிகிற நேரம், முற்றுகையோ முடியவில்லை. அவருடைய படைத்தலைமை அதிகாரத்தை மட்டும் நீட்டித்தார்கள். 'ப்ரொரோகாத்சியோ' என்ற ஏற்பாட்டுக்கு ரோம வரலாறு காட்டும் முதல் எடுத்துக்காட்டு அதுதான். பிரெஞ்சில் 'ப்ரொரோஜே' என்றால் இன்றும் கெடுவை நீட்டிப்பது. ஆங்கிலத்திலும் முதலில் நீட்டிப்பது, பிறகு தள்ளிப்போடுவது என்றிருந்து, கடைசியில் கூட்டத்தொடரை முடிப்பது என்ற பொருளில் வந்து நின்றது. ஆக, சபையைக் கேட்டு அதிகாரத்தை நீட்டிப்பதாகத் தொடங்கிய சொல், சபையைக் கேட்காமல் சபையை அனுப்பிவைப்பதாக முடிந்திருக்கிறது. அதிகாரம் நீள்வது மட்டும் பல சமயம் அப்படியே இருக்கிறது.

பெரும்பாலான ப்ரொரோகேஷன்கள் யாருக்கும் நினைவிருக்காது. அரசு தன் திட்டங்களை நிறைவேற்றி முடித்திருக்கும், புதிய அரியணை உரை தேவைப்படும். சாதாரண நடைமுறை. வம்பு வருவது அவை ஏதாவது கேட்கும்போதுதான். 1873இல் பசிபிக் ரயில்பாதை ஒப்பந்தத்துக்காகப் பணம் கைமாறிய ஊழல் வெடித்தபோது, பிரதமர் ஜான் ஏ. மெக்டொனால்ட் ஆளுநர் நாயகம் டஃபரினிடம் கேட்டு ஆகஸ்டில் நாடாளுமன்றத்தை அனுப்பிவைத்தார். அக்டோபரில் அவை கூடியது, நவம்பரில் அவர் பதவி விலகினார். தாமதம்தான் கிடைத்தது, தப்பிக்க முடியவில்லை.

2008இல் பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பருக்குத் தப்பிக்கவே முடிந்தது. அந்த அக்டோபர் தேர்தலில் கன்சர்வேடிவ் கட்சிக்கு 143 இடங்கள், பெரும்பான்மை இல்லை. உலகப் பொருளாதாரம் சரிந்துகொண்டிருந்த நவம்பர் 27 அன்று வந்த நிதி அறிக்கையில், கட்சிகளுக்கு வாக்குக்கு 1.95 டாலர் என்று போய்க்கொண்டிருந்த அரசு நிதியை நிறுத்தப் போவதாக அறிவித்தார்கள். எதிர்க்கட்சிகளின் அடிமடியிலேயே கை வைத்தாயிற்று. லிபரல் கட்சியின் ஸ்டெஃபான் டியோனும் புதிய ஜனநாயகக் கட்சியின் (என்டிபி) ஜாக் லேட்டனும் கூட்டணி அரசு அமைக்க ஒப்பந்தம் போட்டார்கள், கெபெக் மாகாணக் கட்சியான ப்ளாக் கெபெக்வா ஆதரவு தருவதாகக் கையெழுத்திட்டது. டிசம்பர் 8 நம்பிக்கை வாக்கெடுப்பு. டிசம்பர் 4 அன்று ஹார்ப்பர் ஆளுநர் நாயகம் மிஷேல் ஜான் வீட்டுக்குப் போனார். இரண்டு மணி நேரத்துக்கு மேல் உள்ளே இருந்தார். வெளியே வந்தபோது ஜனவரி 26 வரை நாடாளுமன்றம் இல்லை. கூட்டத்தொடர் தொடங்கி மூன்று வாரம்கூட ஆகவில்லை. இடையில் டியோன் போய் மைக்கேல் இக்னாடியெஃப் வந்தார், கூட்டணி கரைந்தது, ஹார்ப்பர் 2015 வரை ஆண்டார். தோற்கப்போகிற வாக்கெடுப்பிலிருந்து ஓடுவதற்கு இந்த அதிகாரம் உதவும் என்பது அன்றைக்கு ஊர்ஜிதமானது.

அடுத்த ஆண்டே மறுபடியும் அதைச் செய்தார். ஆப்கானிஸ்தானில் கனடியப் படையினர் பிடித்து ஒப்படைத்த கைதிகள் சித்திரவதைக்கு ஆளானார்களா என்பது அப்போது எரியும் கேள்வி. அது தொடர்பான ஆவணங்களைத் தரவேண்டும் என்று 2009 டிசம்பர் 10 அன்று மக்களவை உத்தரவிட்டது. டிசம்பர் 30 அன்று ஒரு தொலைபேசி அழைப்பு, மார்ச் 3 வரை நாடாளுமன்றம் காலி. நடுவில் வான்கூவர் ஒலிம்பிக்ஸ் வேறு. இந்த முறை மக்களுக்குக் கோபம் வந்தது. ஃபேஸ்புக்கில் எதிர்ப்புக் குழு ஒன்றில் சேர்ந்தவர்கள் இரண்டு லட்சத்தைத் தாண்டினார்கள். 2010 ஜனவரி 23 அன்று நடுக்குளிரில் 60க்கும் மேற்பட்ட ஊர்களில் ஆர்ப்பாட்டம் நடந்தது. சட்ட வகுப்புக்கு வெளியே யாரும் உச்சரிக்காத ஒரு சொல் பதாகைக்கு வந்தது.

சரி, இப்போது நம் பக்கத்துக்கு, அதாவது முற்போக்காளர் பக்கத்துக்கு வருவோம். சங்கடமான சூழ்நிலையிலிருந்து தப்பிக்க ப்ரொரோகேஷனைப் பயன்படுத்த மாட்டோம் என்று 2015 தேர்தல் அறிக்கையில் லிபரல்கள் எழுதிக்கொடுத்தார்கள். 2017இல் ஒரு விதியும் சேர்த்தார்கள்: ஏன் முடித்தோம் என்று அடுத்த கூட்டத்தொடரின் முதல் 20 அமர்வு நாட்களுக்குள் அரசு அறிக்கை வைக்க வேண்டும். தடை ஏதும் இல்லை, விளக்கக் கடிதம் எழுதினால் போதும். 2020 ஆகஸ்ட் 18 அன்று, ட்ரூடோ குடும்பத்தோடு தொடர்புள்ள 'வீ' அறக்கட்டளைக்கு அரசுத் திட்டம் ஒன்றைக் கொடுத்த விவகாரத்தைக் குழுக்கள் தோண்டிக்கொண்டிருந்தபோது, ட்ரூடோ முடித்துவைத்தார். கொரோனாவுக்குப் பிந்தைய புதிய திட்டம் என்று காரணம் சொன்னார்.

2025 ஜனவரியும் அதே வார்ப்புதான். பசுமைத் தொழில்நுட்ப நிதி ஒன்றின் முறைகேடு தொடர்பான ஆவணங்களை அரசு முழுதாகத் தரவில்லை என்பதற்காக 2024 செப்டம்பர் கடைசியிலிருந்தே மக்களவை ஸ்தம்பித்துக் கிடந்தது. கன்சர்வேடிவ்கள் அதை வேண்டுமென்றே இழுத்தார்கள் என்பது உண்மை. ஆனால் ஆப்கான் ஆவணங்களைக் கேட்கிற உரிமை அவைக்கு உண்டென்றால் இந்த ஆவணங்களுக்கும் அதே உரிமைதான். 2010இல் குளிரில் நின்ற முற்போக்காளர்களில் பலர் 2025இல் 'கட்சிக்குத் தலைவர் வேண்டாமா' என்று கேட்டதை என்னால் ஏற்க முடியவில்லை. ட்ரம்ப் பதவியேற்று வரி மிரட்டலைச் செயல்படுத்தத் தொடங்கிய வாரங்களில் கனடாவில் நாடாளுமன்றமே கூடவில்லை. முதற்குடிச் சமூகங்களின் குடிநீருக்கான சி-61 மசோதா செத்தது. வெளிநாட்டில் பிறந்த கனடியர்களின் பிள்ளைகளுக்கான குடியுரிமை மசோதா சி-71 செத்து, பிறகு சி-3 என்ற எண்ணில் முதலிலிருந்து வந்தது. இழப்பு யாருக்கு என்று பாருங்கள்.

வழக்கும் போட்டார்கள். 2019இல் பிரிட்டன் பிரதமர் போரிஸ் ஜான்சன் செய்த ப்ரொரோகேஷனை பிரிட்டன் உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகள் ஒருமனதாகச் செல்லாது என்றார்கள். அதைக் காட்டி கனடியக் கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2025 மார்ச் 6 அன்று தலைமை நீதிபதி பால் க்ராம்ப்டன், இதை விசாரிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு, ஆனால் பிரதமர் எல்லை மீறியதாக வாதிகள் நிறுவவில்லை என்று தள்ளுபடி செய்தார். எழுத்தில் உள்ள உச்சவரம்பு ஒன்றே ஒன்று: உரிமைகள் சாசனத்தின் 5ஆம் பிரிவுப்படி 12 மாதத்துக்கு ஒருமுறையாவது நாடாளுமன்றம் கூட வேண்டும். சொன்ன தேதிக்கு முந்தைய நாள், மார்ச் 23 அன்று, புதிய பிரதமர் மார்க் கார்னி கலைப்புக் கேட்டார். 44ஆவது நாடாளுமன்றம் திரும்பி வரவே இல்லை.

இனி தமிழ்ச் சொல். தமிழ்நாட்டில் சபாநாயகர் 'தேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்கிறேன்' என்பார். சில நாள் கழித்து 'கூட்டத்தொடர் முடித்துவைப்பு: ஆளுநர் உத்தரவு' என்று பத்திரிகையில் ஓரமாக ஒரு செய்தி வரும். அந்த இரண்டாவதுதான் ப்ரொரோகேஷன். அது ஓரத்தில் கிடப்பதற்குக் காரணம் இருக்கிறது: இந்திய அரசியலமைப்பின் 107, 196ஆம் பிரிவுகளின்படி அங்கே கூட்டத்தொடர் முடிந்தாலும் மசோதாக்கள் சாவதில்லை. இலங்கை அரசியலமைப்பிலும் நிலுவையில் இருப்பதை அடுத்த தொடரில் எடுத்துக்கொள்ளலாம், இடைவெளியும் இரண்டு மாதத்தைத் தாண்டக் கூடாது.

'முடக்கம்' எங்கிருந்து வந்தது? 2022 பிப்ரவரியில் மேற்கு வங்க ஆளுநர் சட்டப்பேரவையை ப்ரொரோக் செய்தபோது தமிழ்ச் செய்திகளில் அது 'முடக்கினார்' என்று ஓடியது. மு.க. ஸ்டாலின் கண்டித்தார். மம்தா அரசு கேட்டுத்தான் செய்தேன் என்று ஆளுநர் ஜகதீப் தன்கர் பதில் சொன்னார். நீதிமன்றம் சட்டவிரோதம் என்று சொல்லும்வரை 'முடக்கம்' கருத்துதான், மொழிபெயர்ப்பு ஆகாது. ஜான்சன் செய்ததை அப்படி எழுதலாம். ட்ரூடோ செய்ததை, எனக்குப் பிடிக்காவிட்டாலும், அப்படி எழுத முடியாது.

இலங்கைத் தமிழில் 'அமர்வு நிறுத்தம்' என்றும் எழுதுவதுண்டு. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் கனடாச் செய்தியில் அன்றாட அமர்வோடு குழம்பிவிடும். ஆகவே பெயர்ச்சொல்லுக்குக் 'கூட்டத்தொடர் முடித்துவைப்பு', வினைக்குக் 'கூட்டத்தொடரை முடித்துவைத்தார்'. தலைப்பில் இடம் போதாவிட்டால் 'தொடர் முடிப்பு'. கனடாவைப் பற்றி எழுதும்போது மட்டும் கூடவே அரை வரி வேண்டும்: 'நிலுவை மசோதாக்கள் காலாவதி'.