மார்கழிப் பனியில் சைக்கிள்: குளிரை விடுங்கள், ஈரத்தைக் கவனியுங்கள்

"தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்" என்பது பழமொழி. அது வண்டியில் எங்கெல்லாம் துளைக்கும் என்பதை டெல்டாவின் சைக்கிள் கடைகளில் பார்க்கலாம்: துருவேறிய செயின், இழுத்தால் திரும்பி வராத பிரேக் ஒயர், மிதித்தால் பிடிக்காத ஃப்ரீவீல் (பின் சக்கரத்துப் பல்சக்கரம்). மார்கழி பிறந்தால் இந்த மூன்றும் வரிசை கட்டி வரும்.

தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் பக்கம் விடியற்காலை வெப்பநிலை பெரும்பாலும் 20 டிகிரியை ஒட்டியே நிற்கும். மிதிக்கத் தொடங்கி இரண்டு கிலோமீட்டர் போனால் ஸ்வெட்டருக்குள் வியர்த்துவிடும். நம் ஊர்க் குளிர் சைக்கிள்காரரை ஒன்றும் செய்துவிடாது. ஆளைக் கீழே தள்ளுவது ஈரம்தான். அது ரிம்மில் படிகிறது, தார்ச்சாலையில் படிகிறது, எதிரே வருபவரின் கண்ணாடியிலும் படிகிறது.

இங்கே இவ்வளவு ஈரம் சேரக் காரணம் நம் பாசன முறைதான். மேட்டூர் அணை வழக்கமாக ஜனவரி 28 வரை திறந்திருக்கும். அதுவரை ஆறும் வாய்க்காலும் ஓடுகின்றன, சம்பா வயலில் தண்ணீர் நிற்கிறது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் தெளிந்த இரவுகளில் தரை சூட்டை வேகமாக இழக்கும். காற்று அசையாமல் இருந்தால், வயலுக்கு மேலே நிற்கும் ஈரக்காற்று குளிர்ந்து மூடுபனியாகிவிடும். அதனால்தான் ஊருக்குள் பனி லேசாகவும், ஆற்றங்கரைச் சாலையிலும் தாழ்வான வயல்வெளியிலும் அடர்த்தியாகவும் இருக்கிறது. பொழுது விடிந்ததும் விலகிவிடும் என்று நம்பிக் கிளம்ப வேண்டாம். சூரியன் எழுந்த பிறகும் அரைமணி நேரம் பனி அடர்ந்துகொண்டே போகும் நாட்கள் உண்டு. சூரியன் எழுவதும் தாமதம். மார்கழித் தொடக்கத்தில் தஞ்சாவூரில் 6.25 வாக்கில் உதிக்கும் சூரியன், ஜனவரி கடைசியில் 6.35க்கு மேல்தான் தலைகாட்டும். பால்காரர், பேப்பர் போடும் பையன், அரசு கொடுத்த சைக்கிளில் டியூஷன் போகும் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகள் என எல்லோரும் இருட்டிலும் பனியிலும்தான் மிதிக்கிறார்கள்.

பிரேக்

கனமான பழைய வண்டிகளில் ஒயருக்குப் பதில் இரும்புக் கம்பி இழுக்கும் ராடு பிரேக் இருக்கும். ரிம் இரும்பு, மேலே குரோம் பூச்சு, அதில் உரசுவது ரப்பர் கட்டை. குரோம் வழவழப்பானது. இரவெல்லாம் வெளியில் நின்ற வண்டியின் ரிம்மில் பனிநீர் மெல்லிய படலமாகப் படிந்திருக்கும். அதன்மேல் கட்டை பட்டால் முதலில் வழுக்கத்தான் செய்யும். சக்கரம் ஒன்றிரண்டு சுற்று சுற்றி, கட்டை அந்த நீரை வழித்தெடுத்த பிறகுதான் பிடிப்பு வரும். 28 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றுக்குச் சுமார் 2.2 மீட்டர் ஓடும். அப்படியானால் பிரேக்கை அழுத்தியும் முதல் நாலரை மீட்டர் சும்மா போகிறது. காய்ந்த ரிம்மில் 4 மீட்டரில் நிற்கும் வண்டி ஈரத்தில் இரண்டு மூன்று மடங்கு தூரம் ஓடுவது இதனால்தான். அலுமினிய ரிம் இவ்வளவு மோசமில்லை, ஆனாலும் முதல் சுற்று அதிலும் நம்பத்தகாததே.

செய்ய வேண்டியது எளிது. வண்டியை எடுக்கும் முன் ஒரு பழைய பனியன் துணியால் இரண்டு ரிம்களையும் சுற்றிலும் துடையுங்கள். ராடு பிரேக் என்றால் கட்டை படும் இடம் ரிம்மின் உள்பக்கம், ஆரக்கம்பி ஓரமாகத் துடைக்க வேண்டும். பலர் வெளிப்பக்கத்தை மட்டும் பளபளவென்று துடைத்துவிட்டுப் போகிறார்கள். வழியில் கடைத்தெரு, பாலம், கேட் என்று நிறுத்த வேண்டிய இடம் வருவதற்கு இருபது முப்பது மீட்டர் முன்பே பிரேக்கை லேசாகத் தொட்டுப் பிடித்துக்கொண்டு வாருங்கள். நிறுத்தும் நேரத்தில் ரிம் காய்ந்திருக்கும்.

அடுத்து, முன் பிரேக். ஓட்டத்தில் இருக்கும் வண்டிகளில் பலவற்றில் முன் பிரேக் கழன்றோ தளர்ந்தோ கிடக்கிறது. "முன் பிரேக் பிடித்தால் குப்புற விழுவோம்" என்ற பயமே காரணம். நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குடையதுதான். குப்புற விழுவது அதை மட்டும் திடீரென்று இறுக்கிப் பிடிப்பதால். இரண்டையும் ஒன்றாக, கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தினால் வண்டி நேராக நிற்கும். கட்டைக்கும் ரிம்முக்கும் 2 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் போதும். கட்டை முகம் கண்ணாடிபோல் மின்னினால் உப்புத்தாளில் நாலு தேய்ப்பு தேய்த்துச் சொரசொரப்பாக்குங்கள். அதில் உள்ள கோடுகள் மறைந்துவிட்டால் மாற்றிவிடுங்கள். ஒயர் பிரேக்கில் பனிநீர் மேல்முனை வழியாக உறைக்குள் இறங்கித் துருப்பிடிக்கும். லீவரை அழுத்திப் பிடித்து அந்த முனையில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் தீர்ந்தது. அந்த எண்ணெய் ரிம்மில் தெறித்தால் மட்டும் பிரேக் பிடிக்காது.

தேங்காய் எண்ணெய் விடாதீர்கள்

வீட்டில் இருப்பதை எடுத்து ஊற்றும் பழக்கத்தில் செயினுக்கும் ஃப்ரீவீலுக்கும் தேங்காய் எண்ணெய் விடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வெயில் காலத்தில் பெரிதாக ஒன்றும் தெரியாது. 24 டிகிரிக்குக் கீழே போனால் அது உறையத் தொடங்கும் என்பது மார்கழியில் தலைக்கு எண்ணெய் தேய்க்கும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பாட்டிலில் நடப்பதே ஃப்ரீவீலுக்குள்ளும் நடக்கிறது. அதற்குள் சின்ன ஸ்பிரிங்கின் தள்ளலில் எழுந்து பல்லில் மாட்டும் இரண்டு இரும்புத் துண்டுகள் உள்ளன. மிதியை அவைதான் சக்கரத்துக்குக் கடத்துகின்றன. உறைந்த எண்ணெயில் அவை ஒட்டிக்கொண்டால் எழாது. நின்று அழுத்தி மிதிக்கும்போது பெடல் திடீரென்று வெற்றாகச் சுற்றும், ஆள் பார் கம்பியில் போய் விழுவார். வேடிக்கை என்னவென்றால், வெயில் ஏறியதும் எண்ணெய் இளகி எல்லாம் சரியாகிவிடும். மதியம் கடைக்குக் கொண்டுவந்து சுற்றிக் காட்டினால் பழுதே தெரியாது. விடியலில் வழுக்கி, பகலில் ஒழுங்காக ஓடும் வண்டி என்றால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி "என்ன எண்ணெய் விட்டீர்கள்?" என்பதுதான்.

பின் சக்கரத்தைக் கழற்றி, ஃப்ரீவீல் மேலே பார்க்கும்படி படுக்க வையுங்கள். சுற்றும் வளையத்துக்கும் நடுப்பகுதிக்கும் இடையே உள்ள சந்தில் மண்ணெண்ணெய் விட்டு, கையால் சுற்றிக்கொண்டே இருங்கள். மண்ணெண்ணெய் கிடைக்காவிட்டால் டீசலும் போதும். அடியில் கறுப்பாக வடிவது நின்று தெளிவாக வடியும்வரை விட வேண்டும். இரவு முழுக்க வடியவிட்டு, காலையில் தையல் மெஷின் ஆயில் நான்கைந்து சொட்டு. கிரீஸ் வேண்டாம், அதுவும் அந்தத் துண்டுகளை ஒட்டவைக்கும்.

செயினுக்கு மெஷின் ஆயில் மிக மெல்லிசு, பனிநீரில் சீக்கிரம் போய்விடும். டூவீலருக்கு ஊற்றும் 20 டபிள்யூ 40 ஆயில் நன்றாக நிற்கும். ஒர்க்‌ஷாப்பில் வடித்த பழைய ஆயில் இலவசமாகக் கிடைக்கிறதே என்று ஊற்றினால், அதில் மிதக்கும் இரும்புத் துகள் செயினை அரைத்துத் தள்ளும். முதலில் பழைய அழுக்கைப் பல்துலக்கும் பிரஷ்ஷும் மண்ணெண்ணெயும் கொண்டு தேய்த்து, துடைத்து, காயவிடுங்கள். பிறகு ஒவ்வொரு உருளைக்கும் ஒரே ஒரு சொட்டு. முழுச் செயினுக்கும் 5, 6 மில்லி தாண்டாது. பெடலைப் பின்பக்கமாகச் சுற்றி, பத்து நிமிடம் கழித்து வெளியில் தெரிவதையெல்லாம் துணியால் வழித்தெடுத்துவிடுங்கள். எண்ணெய் வேலை செய்வது உருளைக்கு உள்ளே. வெளியில் நிற்பது மண்ணைச் சேர்க்கத்தான் உதவும். பனிக்காலத்தில் பத்து நாளுக்கு ஒருமுறை போதும். நாகை, வேதாரண்யம், கோடியக்கரை பக்கம் காற்றிலேயே உப்பு இருப்பதால் வாரம் ஒருமுறை.

செயின் தேய்ந்துவிட்டதா என்று பார்க்க ஸ்கேல் போதும். ஒரு பின்னின் நடுவில் தொடங்கி 12 அங்குலம் அளந்தால் 24 கண்ணி தாண்டி இன்னொரு பின்னின் நடுவில் சரியாக முடிய வேண்டும். ஒரு நூல், அதாவது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு கூடியிருந்தால் செயினோடு பல்சக்கரமும் தேய்ந்திருக்கும். அதில் பாதி கூடும்போதே செயினை மாற்றினால் பல்சக்கரம் தப்பும்.

கார்த்திகை மழையில் முழங்கால் தண்ணீரில் தள்ளிக்கொண்டு போன வண்டியா? அப்படியானால் மார்கழிக்குள் ஓவராயில், அதாவது முழுக்கப் பிரித்துச் சுத்தம் செய்து கிரீஸ் வைப்பது, கட்டாயம். சக்கரத்தின் நடுவில் உள்ள ஹப்பிலும், பெடல் அச்சு சுழலும் பாட்டம் கப்பிலும் சேறு புகுந்து கிரீஸ் மோர் நிறமாகியிருக்கும். பின் ஹப்பில் பக்கத்துக்கு 9 பால்ஸ் (இரும்புக் குண்டுகள்), முன் ஹப்பில் 10 என்பது வழக்கமான கணக்கு. ஒன்று தேய்ந்திருந்தாலும் செட்டாக மாற்றுங்கள்.

பின்னால் வருபவருக்குத் தெரிய வேண்டும்

60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் நொடிக்கு 16, 17 மீட்டர் ஓடும். ஓட்டுநர் உங்களைப் பார்த்து பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை நொடி ஆகும் என்று வைத்தால், அதற்குள்ளேயே 25 மீட்டர் போய்விடுகிறது. 40 மீட்டர்தான் கண் தெரிகிற பனியில் மீதி 15 மீட்டர். தஞ்சாவூர்–நாகப்பட்டினம் சாலையில் விடியற்காலை வரும் வண்டிகள் 60க்கு மேலேயே வருகின்றன. ஆகவே பின்விளக்கு இல்லாமல் பனியில் மெயின் ரோட்டில் ஏறுவது, என் பார்வையில், பிரேக் இல்லாமல் ஏறுவதைவிட மோசம்.

டைனமோவை நம்ப முடியாது. வண்டி நின்றால் விளக்கும் நின்றுவிடும். பனியில் டயரின் பக்கவாட்டு நனைந்திருந்தால் டைனமோ உருளை சறுக்கி வெளிச்சம் மங்கும். பேட்டரியில் எரியும் சிவப்பு எல்இடி விளக்கு ஒன்றை மட்கார்டின் கீழ்ப்பகுதியில் மாட்டுங்கள். கேரியரில் மாட்டினால் பால் கேனோ புல்லுக்கட்டோ மறைத்துவிடும். பனியில் விட்டுவிட்டு எரிவதைவிடத் தொடர்ந்து எரியும் விளக்கில்தான் தூரத்தைக் கணிக்க எளிது. முன் விளக்கை ஹேண்டில்பாரில் நேராக வைத்தால் வெளிச்சம் பனியில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பும். ஃபோர்க்கில் தாழ்வாகக் கட்டி, ஐந்தாறு மீட்டர் முன்னால் தரையில் விழும்படி சாய்த்துவிடுங்கள்.

லாரி உதிரிபாகக் கடையில் கிடைக்கும் ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் மலிவு: பின்னால் சிவப்பு, முன்னால் வெள்ளை, பெடலிலும் ஃபோர்க்கிலும் மஞ்சள். ஆனால் அதன்மேல் பனித்துளி படிந்தால் ஒளியைத் திருப்பி அனுப்பாமல் சிதறடித்துவிடும். ரிம்மைத் துடைக்கும் அதே துணியால் இதையும் ஒரு துடை. வெள்ளைச் சட்டை போட்டால் போதும் என்பதும் பாதி உண்மைதான். இருட்டில் ஹெட்லைட் படும்போது வெள்ளை தெரியும், விடிந்த பிறகு வெண்பனிக்குள் கரைந்துவிடும். ஆரஞ்சு நிறம் நல்லது. குரங்குக் குல்லாயும் மப்ளரும் காதை இறுக்கி மூடினால் பின்னால் வரும் வண்டி கேட்காது. காதுமடல் மட்டும் மறையும்படி தளர்வாகக் கட்டி, முனைகளைச் சட்டைக்குள் செருகுங்கள். துப்பட்டாவுக்கும் அதே விதி. மூச்சிரைப்பு உள்ளவர்கள் போகியன்று காலை, புகையும் பனியும் சேர்ந்து நிற்கும்போது, சைக்கிளை எடுக்காமல் இருப்பதே மேல்.

சாலையில் கிடப்பவை

மார்கழியில் தெருவுக்குள் கோலம் போடும் பெண்கள் சாலை நடுவரை குனிந்தபடி வருவார்கள், மணி அடித்து மெதுவாகப் போங்கள். தை பிறந்ததும் அறுவடை. டிராக்டர் சக்கரத்திலிருந்து தார்ச்சாலையில் விழும் களி, பனியில் நனைந்தால் சோப்புதான். அதன்மேல் பிரேக்கும் பிடிக்கக் கூடாது, ஹேண்டிலும் திருப்பக் கூடாது. நேராக உருண்டு கடந்துவிடுங்கள். வைக்கோலும் அப்படியே. அதைவிட ஆபத்து, சாலையில் காயவைத்த நெல்லை இரவில் குவித்துக் கறுப்புத் தார்ப்பாய் போட்டு மூடி, சுற்றிலும் கருங்கல் அடுக்கிவிட்டுப் போவது. கொள்முதல் நிலையம் இருக்கும் சாலைகளில் இது சகஜம். அங்கே பின்விளக்கில்லாத டிராக்டர் டிரெய்லர்களும் வரிசையாக நிற்கும். நெல்லை வேறு எங்கே காயவைப்பது என்று விவசாயி கேட்பதும் நியாயம்தான். குவியலின் நான்கு மூலையிலும் பழைய சிடி தகடையோ ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் ஒட்டிய குச்சியையோ நட்டுவைத்தால் ஒருவர் கால் தப்பும்.

காற்று குறைவதற்குப் பனியைக் குறை சொல்வார்கள். மதியம் 32 டிகிரியில் அடித்த காற்று விடியலில் 21 டிகிரிக்கு வந்தால் 50 பிஎஸ்ஐ அழுத்தத்தில் இரண்டு, இரண்டரைதான் குறையும். காலையில் டயர் அமுங்கிக் கிடந்தால், பஞ்சர் இல்லையென்றால், பெரும்பாலும் வால்வு டியூப் (வால்வில் மாட்டும் சின்ன ரப்பர் குழாய்) வெடிப்பு விட்டிருக்கும். எச்சில் தொட்டு வால்வில் வைத்துக் குமிழ் வருகிறதா பாருங்கள். பனி நேரத்தில் பஞ்சர் ஒட்டினால் டியூபில் ஈரம் துளியும் இருக்கக் கூடாது. சொல்யூஷன் தடவி, பளபளப்பு மறையும்வரை ஐந்து நிமிடமாவது காத்திருந்து ஒட்டுங்கள், இல்லையென்றால் மாலைக்குள் பிரிந்துவிடும். இரவில் வண்டியைப் பிளாஸ்டிக் ஷீட் போட்டு இறுக்கி மூடினால் உள்ளேயே ஈரம் அடைபட்டுத் துரு கூடும். தாழ்வாரமோ கீற்றுக் கொட்டகையோ, தலைக்கு மேல் கூரையும் பக்கங்களில் காற்றோட்டமும் இருந்தால் போதும், ரிம்மில் பனி படியாது. சீட்டுக்கு மட்டும் ஒரு கவர் மாட்டுங்கள்.