260 கிலோமீட்டர் காற்று எங்கே வீசியது?

2018 அக்டோபர் 10 அன்று அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில், மெக்சிகோ பீச் என்ற கடலோர ஊருக்குப் பக்கத்தில் மைக்கேல் சூறாவளி கரையைக் கடந்தது. அரசுக் கணக்குப்படி அப்போது காற்றின் வேகம் மணிக்கு 260 கிலோமீட்டர். இருப்பதிலேயே உச்சமான 5-ஆம் வகுப்பு. அங்கேயே உள்ள டின்டல் விமானப்படைத் தளத்தின் கருவி பதிவு செய்த நீடித்த (அதாவது சராசரி) காற்றோ 138 கிலோமீட்டர்தான். பாதியைவிடக் கொஞ்சம் அதிகம்.

பெரிய சூறாவளி எது வந்துபோனாலும் இப்படி இரண்டு எண்கள் கிடைக்கும். "வேகத்தைக் கூட்டிச் சொல்லிப் பயமுறுத்திவிட்டார்கள்" என்ற பேச்சும் கூடவே கிளம்பும். சந்தேகப்படுவதில் தப்பில்லை. ஆனால் இந்த இரண்டு எண்களும் ஒரே விஷயத்தை அளப்பவை என்று எடுத்துக்கொள்வதில்தான் சிக்கல்.

அமெரிக்காவின் தேசிய சூறாவளி மையம் அறிவிக்கும் வேகத்துக்குக் கறாரான வரையறை உண்டு. 10 மீட்டர் உயரத்தில், காற்றை மறிக்க எதுவும் இல்லாத வெட்டவெளியில், ஒரு நிமிடச் சராசரியாக, புயலுக்குள் எங்கேயாவது ஓர் இடத்தில் இருக்கக்கூடிய உச்ச வேகம் அது. அந்த "எங்கேயாவது" என்ற சொல்லைக் கவனியுங்கள். புயலின் கண்ணைச் சுற்றி நிற்கும் மேகச் சுவரில், பெரும்பாலும் புயல் நகரும் திசைக்கு வலப்பக்கத்தில், ஒரு சிறு துண்டில்தான் அந்த வேகம் இருக்கும். வட அரைக்கோளத்தில் அந்தப் பக்கம் புயலின் நகர்வும் சுழற்சியும் ஒன்றாகச் சேர்ந்துகொள்கின்றன. கரையைக் கடக்கும்போதுகூட அந்தத் துண்டு தண்ணீருக்கு மேலேயே இருந்துவிடலாம். 30 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஊருக்கு அந்த எண்ணோடு பெரிய சம்பந்தம் கிடையாது.

சராசரி எடுக்கும் நேரமும் நாட்டுக்கு நாடு மாறுகிறது. அமெரிக்காவில் ஒரு நிமிடம், இந்திய வானிலைத் துறையில் 3 நிமிடம், உலக வானிலை அமைப்பு பரிந்துரைப்பது 10 நிமிடம். நேரம் கூடினால் சராசரி இறங்கும். கடலுக்கு மேல் 10 நிமிடச் சராசரி, ஒரு நிமிடச் சராசரியைவிடச் சுமார் 7 சதவீதம் குறைவு. வங்கக்கடல் புயலையும் ஃப்ளோரிடா புயலையும் எண்ணை வைத்து ஒப்பிடுகிறவர்கள் இதைச் சுத்தமாக மறந்துவிடுகிறார்கள்.

அடுத்தது நிலம். புயலில் கொந்தளிக்கும் கடல்கூடக் காற்றுக்கு ஓரளவு வழவழப்பான பரப்புதான். மரமும் வீடும் மேடும் நிறைந்த தரை அப்படியில்லை. தரையை ஒட்டிய காற்று உராய்ந்து வேகம் இழக்கிறது. சில நூறு மீட்டர் மேலே உள்ள காற்றுக்கு அது அவ்வளவாக உறைப்பதில்லை. உராய்வால் கிளம்பும் சுழல்கள் அந்த மேல்காற்றை அவ்வப்போது கீழே இழுத்துவந்து அறைகின்றன. அதனால் நிலத்தில் சராசரி நன்றாகச் சரிந்தாலும், 3 வினாடி மட்டும் நீடிக்கும் வீச்சு அந்த அளவுக்குச் சரியாது. டின்டல் தளத்தில் பதிவான வீச்சு 224 கிலோமீட்டர். 138-ஐ மட்டும் எடுத்துக்கொண்டு வாதாடுகிறவர்கள் இதைச் சொல்வதில்லை. கூரையைப் பிய்த்துப்போட அந்த 3 வினாடி போதும்.

சரி, கரையோரம் முழுக்கக் கருவி வைத்துவிட்டால்? அவை பெரும்பாலும் விமான நிலையங்களில், பல கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கின்றன. மின்சாரம் போனால் நின்றுவிடும், பறந்துவரும் தகரம் பட்டால் உடையும். உச்சக் காற்று வரும் நேரத்தில்தான் பெரும்பாலும் இது நடக்கும்.

இதற்கு 1992 ஆகஸ்ட் 24 அன்று மயாமிக்குத் தெற்கே கரையேறிய ஆண்ட்ரூ சூறாவளியைவிட நல்ல உதாரணம் இல்லை. கோரல் கேபிள்ஸில் இருந்த தேசிய சூறாவளி மையத்தின் கூரையிலேயே ரேடார் பிய்த்துக்கொண்டு விழுந்தது. அங்கிருந்த காற்றுமானி சுமார் 264 கிலோமீட்டர் வீச்சைக் காட்டிவிட்டுச் செத்துப்போனது. கரைக்கு அப்பால் ஃபவி ராக்ஸ் கலங்கரை விளக்கத்தில், சுமார் 44 மீட்டர் உயரத்தில் இருந்த கருவி 272 வரை காட்டியது. அப்புறம் அதுவும் மௌனம். பெரின் பகுதியில் ஒருவர் தன் வீட்டுக் காற்றுமானியில் 340 கிலோமீட்டருக்கு மேல் பார்த்தார். அதோடு வீட்டுச் சுவர் போய்விட்டது. அதே வகைக் கருவிகளைப் பின்னர் காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்தபோது அவை உள்ளதைவிடக் கூட்டிக் காட்டுவது தெரிந்தது. அந்த அளவு சுமார் 285-ஆகத் திருத்தப்பட்டது.

மூன்று கருவி, மூன்று உயரம், மூன்று கதை. இதிலிருந்து ஒரே எண்ணை எடுப்பது எப்படி? விமானம்தான் கைகொடுத்தது. ஆண்ட்ரூவுக்குள் சுமார் 3 கிலோமீட்டர் உயரத்தில் பறந்த, புயலை ஆராயும் விமானம் 162 நாட், அதாவது 300 கிலோமீட்டர் காற்றை அளந்திருந்தது. அன்றைய வழக்கப்படி அதில் முக்கால் பங்குக்குச் சற்றுக் கூடுதலான வேகம் கீழே கடல்மட்டத்தில் இருக்கும் என்று கணித்து 230 கிலோமீட்டர், 4-ஆம் வகுப்பு என்றார்கள். 1997-க்குப் பிறகு, பாராசூட்டோடு விமானத்திலிருந்து விழும் ஜிபிஎஸ் கருவிகள் கண்சுவருக்குள் கடல்வரை காற்றை அளந்துகொண்டே இறங்கின. கீழே கிடைப்பது முக்கால் பங்கு இல்லை, சராசரியாக 90 சதவீதம் என்று தெரிந்தது. பத்து ஆண்டு கழித்து, 2002-இல், ஆண்ட்ரூ 270 கிலோமீட்டராகி 5-ஆம் வகுப்புக்கு ஏறியது. விமானம் அளந்த 300 மாறவே இல்லை. பெருக்கும் எண் மாறியது, அவ்வளவுதான்.

ஆக, அரசு எண் ஒரு தேர்ந்த மதிப்பீடு. ஏறத்தாழ 10 நாட், அதாவது சுமார் 18 கிலோமீட்டர், முன்னே பின்னே இருக்கலாம். மைக்கேலும் முதலில் 4-ஆம் வகுப்பாக, 250 என்றுதான் அறிவிக்கப்பட்டது. 2019 ஏப்ரலில் மறுபரிசீலனைக்குப் பின் 260 ஆனது. இவ்வளவு பிழை இடைவெளியுள்ள எண்ணை வைத்து வகுப்புக்காகச் சண்டை போடுவது எனக்கு எப்போதுமே வேடிக்கையாகத்தான் தெரியும். ஆனால் மதிப்பீடு என்பதால் அது பொய்யாகிவிடாது.

என் குறை வேறு இடத்தில். தொலைக்காட்சி அந்த ஒற்றை எண்ணை மாநிலம் முழுவதற்கும் பூசிவிடுகிறது. கத்ரீனா 2005-இல் லூசியானாவில் கரையேறும்போது 3-ஆம் வகுப்பு. நியூ ஆர்லியன்ஸின் பெரும்பகுதியில் வீசியது 1 அல்லது 2-ஆம் வகுப்புக் காற்றாகவே இருந்திருக்கும் என்று சூறாவளி மையத்தின் அறிக்கையே சொல்கிறது. "3-ஐயே பார்த்துவிட்டோம்" என்று அங்கே தாக்குப்பிடித்த ஒருவர் நினைத்தால், அடுத்த முறை வீட்டைவிட்டுக் கிளம்பமாட்டார்.

எதிர்ப்பக்கமும் உண்டு. 1996 ஏப்ரல் 10 அன்று ஆஸ்திரேலியாவின் பாரோ தீவில், ஒலிவியா புயலின்போது ஒரு காற்றுமானி 408 கிலோமீட்டர் வீச்சைப் பதிவு செய்தது. அப்போதைய 5 நிமிடச் சராசரி வெறும் 176. முதலில் யாரும் நம்பவில்லை. 2010-இல்தான் உலக வானிலை அமைப்பு அதை உலக சாதனையாக ஏற்றுக்கொண்டது. கண்சுவருக்குள் சுழன்ற ஒரு சிறு சுழல் அந்தக் கருவியின் மேலேயே வந்துபோயிருக்க வேண்டும் என்பது விளக்கம்.

கட்டடப் பொறியாளர்கள் இந்தச் சண்டைக்குள் வருவதே இல்லை. அமெரிக்கக் கட்டட விதிகள் 3 வினாடி வீச்சை வைத்துத்தான் எழுதப்பட்டிருக்கின்றன. மயாமி-டேட் பகுதியில் ஒரு சாதாரண வீட்டுக்கு அது சுமார் 280 கிலோமீட்டர். அறிவிப்பில் வரும் 260 அதைவிடக் குறைவுதானே என்று அந்த வீட்டுக்காரர் நிம்மதி அடையக் கூடாது. அது கடல்மேல் ஒரு நிமிடச் சராசரி, இது வெட்டவெளி நிலத்தில் 3 வினாடி வீச்சு. ஒன்றை மற்றொன்றாக மாற்றிவிட்டுத்தான் எது பெரிது என்று பார்க்க முடியும்.