ரத்தமும் குறைவு, நேரமும் குறைவு

தமிழ்நாட்டில் இன்று நூற்றுக்கு 99 பிரசவத்துக்கு மேல் மருத்துவமனையில்தான் நடக்கிறது. அதைச் சொன்ன 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வே, இங்குள்ள கர்ப்பிணிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ரத்தசோகை என்றும் சொல்கிறது. ஆஸ்பத்திரிவரை வந்துவிட்டார்கள், சரி. எந்த உடம்போடு வருகிறார்கள்?

ஒரு கர்ப்பத்துக்குச் சுமார் 1,000 மில்லிகிராம் இரும்புச்சத்து வேண்டும். தாயின் ரத்தம் 40 முதல் 50 சதவீதம் கூடும். ஆனால் நீர்ப்பகுதி பெருகும் அளவுக்குச் சிவப்பணுக்கள் பெருகாது. அதனால் சிவப்பணுக்களில் உள்ள, இரும்பால் உருவாகும் ஹீமோகுளோபின் அளவு சற்று இறங்குவது இயல்புதான். ஏற்கெனவே கையிருப்பு இல்லாதவருக்கு அது 11 கிராமுக்கும் கீழே போய்விடுகிறது; அதுதான் ரத்தசோகை. வயதுக்கு வந்த நாள்முதல் மாதாமாதம் போகும் ரத்தத்தைச் சாப்பாடு ஈடுகட்டியிருக்க வேண்டும். எல்லோரும் சாப்பிட்டபின் சட்டியில் மிஞ்சியது, உடனே ஒரு டீ (தேயிலையில் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் இரும்பு உடலில் சேர்வதைக் குறைக்கும்), அடுத்தடுத்துப் பிள்ளைகள் என்று இருந்தால் எப்படி ஈடாகும்? பல வருடக் கடனைச் சில மாதச் சத்து மாத்திரை அடைக்கப் பார்க்கிறது. அதுவும் குமட்டும், மலம் கறுக்கும். பயப்பட வேண்டாம் என்று நர்ஸ் சொல்லாவிட்டால் மாத்திரை பரணுக்குப் போய்விடும்.

நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு 500 மில்லிக்கு மேல் ரத்தம் பாய்கிறது. நஞ்சுக்கொடி விழுந்ததும் கருப்பைத் தசை இறுகி ரத்தக்குழாய்களை நெரித்து மூட வேண்டும். இறுகாவிட்டால், நல்ல உடம்புக்காரிகூட இரண்டு மணி நேரத்தில் இறந்துபோகலாம். ரத்தசோகை உள்ளவருக்கு அவ்வளவு அவகாசமும் கிடையாது.

1994-ல் தடியஸ், மெய்ன் என்ற இரு ஆய்வாளர்கள் பிரசவத்தில் தாயின் உயிருக்கு உலைவைக்கும் மூன்று தாமதங்களைப் பிரித்துக் காட்டினார்கள்: போகலாம் என்று முடிவெடுப்பதில், போய்ச் சேர்வதில், சேர்ந்தபின் சிகிச்சை கிடைப்பதில். ரத்தம் குறைந்த பெண்தான் பெரும்பாலும் தூரத்திலும் இருக்கிறார், வீட்டில் மற்றவர் வாய்திறக்கக் காத்தும் இருக்கிறார். ரத்தக் குறைவின் ஆபத்தும் தாமதத்தின் ஆபத்தும் ஒன்றையொன்று பெருக்குகின்றன.

அரசுப் பரிசோதனை இலவசம் என்றாலும், போனால் அன்றைய கூலி போச்சு. 1987-ல் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் அந்த இடத்தில்தான் கைகொடுக்கிறது. இப்போது ஊட்டச்சத்துப் பெட்டகத்தோடு சேர்த்து 18,000 ரூபாய். பணம் தவணைகளாக வருகிறது. நல்ல திட்டம்தான். ஆனால் முதல் இரண்டு பிரசவத்துக்கு மட்டும், அதுவும் 19 வயது நிறைந்தவருக்கு மட்டும். இரும்பெல்லாம் கரைந்துபோன மூன்றாம் பிரசவக்காரியும், தன் உடலே இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் 17 வயதுப் பெண்ணும் அந்தப் பட்டியலில் இல்லை.